மருந்தரிசி காப்பரிசியான கதை

தலைமை ஏற்று வீற்றிருக்கும் ஊராட்சித் தலைவர், பெரியவர் சுப்பராயலு அவர்களே! இந்தக் கோழிநோய்த் தடுப்பு முகாமுக்காகத் தம் பள்ளி மைதானத்தைத் திறந்துவிட்ட தலைமையாசிரியர் யக்ஞநாராயணன் அவர்களே! படப்பையிலிருந்தும் கூடுவாஞ்சேரியிலிருந்தும் பஸ் ஏறி வந்திருக்கும் பெரியோர்களே! அடுப்பு வேலையைப் பாதியில் விட்டு, கூடையும் கோழியுமாக வந்து அமர்ந்திருக்கும் என் தாய்மார்களே! அந்தக் கூடைகளுக்குள்ளிருந்து, மேடையில் யார் பேசினாலும் கூசாமல் குறுக்கே பேசும் கோழிகளே! உங்கள் எல்லோருக்கும் இந்த ஆராய்ச்சிக்காரியின் வணக்கம்.

எனக்கு முன்னால் பேசியவர்கள் என்னை வானளாவப் புகழ்ந்தார்கள். நான் எதையும் சோதித்துப் பார்க்காமல் நம்பாதவள். அந்தப் புகழையும் நம்பவில்லை. என் வேலை கிருமியோடு. கண்ணுக்குத் தெரியாத கிருமி, காதுக்குக் கேட்காத கிருமி, காற்றிலே வந்து கூட்டிலே நுழைந்து, காலையில் கூவிய சேவலை மாலையில் கழுத்து திருகிக் கிடத்திவிடும் கிருமி. அதைப் புத்தகம் ராணிக்கெட் என்கிறது. நீங்கள் வெள்ளைக் கழிச்சல் என்கிறீர்கள். அந்த நோய்க்குள் நான் இருபது வருடமாகக் குடியிருக்கிறேன். ஆகையால் நோயைப் பற்றிப் பேசுவேன் என்று எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். நான் பேசப்போவது ஒரு சேவலைப் பற்றி. ஒரே ஒரு சேவல்.

என்ன அண்ணா, சிரிக்கிறீர்கள்? 'குழம்பா, வறுவலா' என்கிறீர்களா? பொறுங்கள். அந்தச் சேவலைப் பார்த்து அப்படிக் கேட்டவர்கள் பட்ட பாட்டைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

எண்பத்தொன்பதாம் ஆண்டின் தொடக்கம். இரும்புலியூரில், தண்டவாளத்தை ஒட்டிய குடிசைத் தெருவொன்றில் எங்கள் சோதனையைத் தொடங்கினோம். தெருவில் வீட்டுக்கு வீடு கோழி. கோடைக்குக் கோடை சாவு. நாங்கள் ஊசியோடு போனோம். எல்லோரும் கோழியைப் பிடித்துத் தந்தார்கள். ஒருத்தி மட்டும் தன் சேவலைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டாள். பெயர் செல்லியம்மாள். கானத்தூர்க் குப்பத்தில் பிறந்தவள்; தாம்பரம் மார்க்கெட்டில் மீன் விற்பவள்.

"இத்த மட்டும் தொடாத டாக்டரம்மா. இது அங்காளம்மனுக்கு நேர்ந்து வுட்டது. ஊசி குத்தி ஓட்ட போட்ட உசுர ஆத்தாளுக்குக் குடுப்பாங்களா?"

"ஊசி போடாவிட்டால் நோய் வந்து செத்துவிடுமே" என்றேன்.

"அது தெரியாமலா கீறேன்? போன வருசம் நேர்ந்து வுட்டது கழிச்சல்ல பூட்ச்சு. இது அதோட கொயந்த."

எதற்காக நேர்ந்துகொண்டாள்? தாய்மார்களே, உங்களில் பலருக்கு இது புதிய கதையாக இருக்காது. அவள் கணவன் வடிவேலு கொச்சிப் பக்கம் விசைப்படகு வேலைக்குப் போனவன். தொடக்கத்தில் சேதி வந்தது. பிறகு சேதி நின்றது. போய்வந்தவர்களில் சிலர் பார்த்தோம் என்றார்கள், சிலர் பார்க்கவில்லை என்றார்கள். யாரும் செத்துவிட்டான் என்று சொல்லவில்லை. யாரும் வருவான் என்றும் சொல்லவில்லை. அவன் திரும்பி வந்து, தன் கையாலேயே அந்தச் சேவலை அம்மனுக்குக் கொடுக்கவேண்டும். அதுதான் வேண்டுதல்.

"இதுவும் பூட்ச்சுன்னா ஆத்தா வேணாம்னுட்டானு அர்த்தம். அப்பால நான் யாருக்காவக் காத்துகினு கெடக்கணும்? நீயே சொல்லு."

கோழி சாவதற்குக் கிருமி காரணம், அம்மன் அல்ல என்று சொன்னேன். சரியான வாக்கியம்தான். ஆனால் அந்தப் பெண்ணின் முகத்தின் முன்னே அந்தச் சரியான வாக்கியம் நிற்க இடமில்லாமல் நின்றது. அந்தச் சேவல் செத்தால் ஒரு கோழி மட்டும் சாகாது. ஒரு காத்திருப்பு சாகும். எந்தப் பாடப்புத்தகத்தில் இருக்கிறது இந்த நோய்? எந்தக் கண்ணாடிக் குழாயில் வளரும் இந்தக் கிருமி?

அன்று மற்றக் கோழிகளுக்குப் போட்ட ஊசி மருந்தும் வழியில் ஐஸ் உருகியதால் வீணாகியிருந்தது. எங்கள் ஆராய்ச்சிக்கூடத்தில் அப்போது இன்னொரு முயற்சி நடந்துகொண்டிருந்தது. ஊசியில்லாமல், தீவனத்தில் கலந்து தரும் தடுப்பு. வெயிலைத் தாங்கும் ஒரு சாதுவான கிருமியை, ஐஸ் பெட்டியின் தயவு இல்லாமல், அரிசியில் பூசித் தரவேண்டும். பச்சைத் தானியத்தில் பூசினோம், கிருமி மடிந்தது. வேகவைத்து உலர்த்திய அரிசியில் பூசினோம், கிருமி பிழைத்தது. சோறு வடிக்கத் தெரிந்தால்தான் விஞ்ஞானம் நடக்கும் என்று என் சக ஆராய்ச்சியாளர் வில்பிரட் கேலி செய்வார். அவருக்குச் சோறு வடிக்கத் தெரியாது.

அந்த அரிசியை எடுத்துக்கொண்டு மறுபடியும் அதே தெருவுக்குப் போனேன். பெண்களைக் கூட்டினேன். தெளிவாக, பெருமையாக, உரக்கச் சொன்னேன்: "அரிசியில் மருந்து வைத்துக் கொண்டுவந்திருக்கிறேன்!"

பார்த்தீர்களா, தாய்மார்கள் பக்கம் மட்டும் எப்படிச் சிரிப்பு வருகிறது! ஆண்கள் விழிக்கிறார்கள். அன்றைக்கு நானும் அப்படித்தான் விழித்தேன்.

கிளியம்மாள் என்று ஒருத்தி, அடுத்த குடிசைக்காரி, கத்தினாள்: "அடியே, ஓடியாங்கடி! டாக்டரம்மா மருந்து வெச்சிட்டு வந்துகீது! யாரு வூட்டு ஆம்பளைய மயக்கறதுக்கோ!"

தெருவே சிரித்தது. சிரித்துக்கொண்டே கோழிகளைக் கூட்டுக்குள் அடைத்துக் கதவைச் சாத்திவிட்டது. சோற்றில் மருந்து வைப்பது என்றால் அந்தத் தெருவில் ஒரே பொருள்தான்: ஒருவனை மயக்கித் தன் பின்னால் இழுத்துக்கொள்வது. மேல்படிப்பு படித்த எனக்கு அந்தச் சொல்லின் இரண்டாம் பொருள் தோன்றவில்லை. அரிசிப் பொட்டலத்தோடு தெரு நடுவில் நின்றேன்.

எல்லோரும் போனபின்னும் செல்லியம்மாள் மட்டும் போகவில்லை. கிட்டே வந்தாள். குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"நெசமாலுமே சோத்துல வெக்கிற மருந்து உன்னாண்ட கீதா?"

"இல்லையம்மா, இது வேறு…"

"அவரு அங்க எவ கையால துன்னாரோ, மருந்து வெச்சிட்டாளோன்னு ஜனங்கோ பேசுது. அப்படி வெச்சிருந்தா, அத்த எறக்கறதுக்கு மாத்து மருந்து உன்னாண்ட கீதா? நீ படிச்சவதான?"

சபையோரே! நான் பல மாநாடுகளில் கேள்விகளைச் சந்தித்தவள். வெள்ளைக்காரப் பேராசிரியர்கள் விரலை நீட்டிக் கேட்டிருக்கிறார்கள், பதில் சொல்லியிருக்கிறேன். இப்படி ஒரு கேள்வியை அதற்கு முன்பும் கேட்டதில்லை, அதற்குப் பின்பும் கேட்டதில்லை. போனவனைத் திரும்ப அழைத்துவரும் மருந்து! எந்த நாடு கண்டுபிடித்தது? எந்தக் கூடம் காய்ச்சியது? இருந்தால் யார்தான் வாங்கமாட்டார்கள்?

இல்லை என்றேன். இது அதே நோயின் சாதுவான கிருமி. உடம்பு இதை ஒருமுறை பார்த்துவிட்டால், நிஜ நோய் வரும்போது அடையாளம் தெரிந்து தடுத்துக்கொள்ளும் என்றேன். அவள் கேட்டுக்கொண்டாள். முகத்திலிருந்து ஏதோ ஒன்று இறங்கிப் போனது. பிறகு என்னைத் திட்டத் தொடங்கினாள்.

"அப்ப இது காப்பு! கொயந்தைக்குக் காப்பு போடறப்ப எல்லாருக்கும் குடுக்கறோமே காப்பரிசி, அந்த மாதிரின்னு சொல்றதுக்கு இன்னா? மருந்து வெச்சேன் மருந்து வெச்சேன்னு ஏன் வவுத்துல புளியக் கரைக்கிற?"

"அதில் வெல்லம், எள் எல்லாம் இருக்குமே. இதில் கிடையாதே" என்றேன். சந்தேகக்காரிக்கு எங்கே போனாலும் சந்தேகம்.

"ஆமா, கோயி வந்து வெல்லம் ஏன் இல்லன்னு கேக்கப்போது!"

திரும்பி நின்று தெருவைப் பார்த்து ஒரே குரல் கொடுத்தாள், மார்க்கெட்டில் வஞ்சிரம் கூவுகிற குரல்: "கோயிக்குக் காப்பரிசி குடுக்கறாங்கோ! வந்து வாங்கிக்குங்கோ!"

சாத்திய கதவெல்லாம் திறந்தது.

நேர்ந்துவிட்ட சேவலுக்குக் காப்பரிசி ஆகுமா? ஆகும். செல்லியம்மாள் கணக்கில் ஊசி ஊனம், காப்பு ஊனமில்லை. ஆனால் இறைத்தவுடன் என்ன நடந்தது தெரியுமா? அந்தச் சேவல் அரிசியைப் பார்த்தது. கொக்கொக் என்று பெட்டைகளைக் கூப்பிட்டது. ஒரு மணியைக் கொத்தி எடுக்கும், கீழே போடும், மறுபடி கூப்பிடும். பெட்டைகள் ஓடிவந்து தின்றன. அது ஒரு மணியும் தின்னவில்லை! எந்தச் சேவலுக்காகக் காப்பரிசி வந்ததோ, அந்தச் சேவலுக்கு மட்டும் காப்பு இல்லை.

"பாரு டாக்டரம்மா," என்றாள் செல்லியம்மாள், "இதுக்குத் தெரியுது, எல்லாத்தையும் கூப்டு வெச்சித் துன்னணும்னு. அந்த ஆளு கூப்டவும் இல்ல, வரவும் இல்ல."

சேவலை மடியில் வைத்துக்கொண்டாள். உள்ளங்கையில் அரிசியை ஏந்தி ஊட்டினாள். அது தின்றது. தலையைத் தடவிக்கொண்டே என்னைக் கேட்டாள்: "உனக்கு யாராச்சும் வரணுமா டாக்டரம்மா?"

நேரமாகிறது என்று சொல்லிப் பெட்டியை மூடினேன்.

அந்தக் கோடையில் கழிச்சல் வந்தது. பக்கத்துத் தெருக்களில் கூடுகள் காலியாயின. காப்பரிசி தின்ற தெருவில் பெரும்பாலான கோழிகள் பிழைத்தன. எல்லாம் அல்ல, கிளியம்மாள் வீட்டில் இரண்டு போயின. பொய் சொல்ல எனக்கு வராது. செல்லியம்மாளின் சேவல் ஒருநாள் சோர்ந்து சிறகைத் தொங்கவிட்டது. அவள் மீன் கூடையைத் தொடாமல் வீட்டில் உட்கார்ந்துவிட்டாள். சேதி கேட்டு, நான் வேலையைப் பாதியில் போட்டுவிட்டு ரயிலேறி இரும்புலியூர் போனேன். ஏன் போனேன்? ஒரு கோழிக்காக எந்த ஆராய்ச்சிக்காரியும் போகமாட்டாள். நாங்கள் இருவரும் அதன் எதிரே உட்கார்ந்திருந்தோம். மின்சார ரயில் கடக்கும்போதெல்லாம் குடிசை அதிர்ந்தது. பொழுது சாயும் நேரத்தில் அது எழுந்து, இறக்கையை அடித்துக்கொண்டு, தவறான நேரத்தில், தாறுமாறான குரலில், கூவியது. செல்லியம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். மீன் வாடை வீசும் அந்தக் கையை நான் விடவில்லை.

அங்கே பின்வரிசையில் ஒருவர் கேட்கிறார்: 'வந்தானா?'

இல்லை அண்ணா. வரவில்லை. சேவல்தான் பிழைத்தது.

வேண்டுதலை முடித்துவிடலாம், ஆத்தா பொறுத்துக்கொள்வாள் என்று கோயில் பூசாரி பொன்னுரங்கம் போன மாதம் சொல்லிப் பார்த்தார். "அவரு வந்து அவரு கையால குடுத்தாத்தான் அது வேண்டுதல். நீ குடுத்தா அது வெறும் கொயம்பு" என்று திருப்பி அனுப்பிவிட்டாள். ஆக, குழம்பா வறுவலா என்று கேட்ட அண்ணாவே, உங்களுக்கும் அதுதான் பதில்.

அவன் வருவானா? என்னிடம் சான்று இல்லை. வரமாட்டான் என்பதற்கும் சான்று இல்லை. சான்று இல்லாத இடத்தில் வாயை மூடிக்கொள்ளும்படிதான் எனக்குக் கற்பித்தார்கள். ஆனால் இந்த நான்கு ஆண்டுகளில் ஒன்று புரிந்தது. ஆராய்ச்சி என்றால் அறிவு என்று நினைத்திருந்தேன். அறிவு பிறகு வருவது. முதலில் வருவது ஏக்கம். இந்த உயிர் போகக்கூடாதே என்ற ஏக்கம். இந்தக் கூடு காலியாகக்கூடாதே என்ற ஏக்கம். இன்னும் ஒரு கோடை, இன்னும் ஒரே ஒரு கோடை தாங்கவேண்டுமே என்ற ஏக்கம். கழிச்சலுக்குக் காப்பு உண்டு, தாய்மார்களே. ஏக்கத்துக்குக் காப்பு உண்டா? இல்லை. ஏக்கம் உள்ளவர்கள்தான் அடுத்தவர் கூட்டையும் காக்கிறார்கள். செல்லியம்மாள் தன் ஒரு சேவலைக் காக்கப்போய் ஒரு தெருவையே காத்தாள். அவள் வைத்த பெயரில்தான் இன்றைக்கு ஊர் ஊராக இந்த அரிசி போகிறது.

அவள் இங்கேதான் இருக்கிறாள். பெண்கள் பக்கம், மூன்றாவது வரிசையில், மடியில் மீன் கூடை. கூடைக்குள் யார் என்று உங்களுக்குத் தெரியும். வயதாகிவிட்டது, காலின் குதிமுள் நீண்டு வளைந்துவிட்டது, கூவல் கரகரத்துவிட்டது. ஆனாலும் நிற்கிறது. முகாமின் முதல் கைப்பிடி அரிசியை என் கையால் வழங்கச் சொல்கிறார் தலைவர். மேடையில் வேண்டாம் ஐயா. நான் இறங்கிப் போய் அதன் வாயில் ஊட்டப்போகிறேன். இறைத்துவிட்டால் அது எல்லோரையும் கூப்பிடும், தான் தின்னாது.

செல்லியம்மா, அன்றைக்கு நீ ஒன்று கேட்டாய். நான் பெட்டியை மூடினேன். இத்தனை பேர் நடுவே, ஒலிபெருக்கியின் முன்னே, இன்றைக்குச் சொல்கிறேன்: ஆமாம். எனக்கும் ஒருவர் வரவேண்டும்.

இந்த அளவில் நிறுத்திக்கொள்கிறேன். பேச அழைத்த தலைவருக்கும், பொறுமையாகக் கேட்ட பெரியோருக்கும், இடம் தந்த பள்ளிக்கும், குறுக்கிட்ட கோழிகளுக்கும் என் நன்றி. உங்கள் கூடுகள் நிறைந்திருக்கட்டும். உங்கள் வீட்டுக்கு வரவேண்டியவர்கள் வந்து சேரட்டும். வணக்கம்.