மத்த ரெண்டு சத்தம்

ரூத்: ...அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம். பஸ்ஸு செங்கல்பட்டு ஆஸ்பத்திரி போறதுக்குள்ள ஒன்னு சொல்லுடா தம்பி. அந்த மாத்திர போட்டா உள்ள இன்னாதான் ஆவுது?

ஆல்வின்: ஒன்னும் ஆவல.

ரூத்: மூணு மாசமா முழுங்கிகினு கீற, ஒன்னும் ஆவலயா?

ஆல்வின்: முன்னல்லாம் வாசல் கேட்டு தாப்பாள ஒரு தபா சாத்துனா, உள்ள இல்ல இல்லன்னு கத்தும். இன்னொரு தபா சாத்தணும். அப்புறம் இன்னொன்னு.

ரூத்: யாரு கத்துறது?

ஆல்வின்: யாருமில்ல. நெஞ்சு.

ரூத்: இப்போ?

ஆல்வின்: மெதுவா சொல்லுது. போடான்னுட்டு உள்ள வந்துடுவேன்.

ரூத்: யப்பா, பெரிய ஆளுதான்! இது ஆட்டிசத்துக்கு இல்ல, பதட்டத்துக்குக் குடுக்குற மாத்திர, எல்லாருக்கும் கேக்காதுன்னாரு டாக்டரு. உனக்குக் கேக்குது போல.

ஆல்வின்: கேக்குது. கை ஆட்டுறது மட்டும் அப்படியே கீது. அது எனக்குப் புடிக்கும். அதுக்கு மாத்திர வேணாம்.

ரூத்: ஆட்டிக்கோ, யாரு வேணாம்னா? ஆனா முன்சீட்டுல அம்மா இன்னா சொல்லிகினு வருது தெரியுமா? நீ தாப்பா சாத்துறது கொஞ்சங்கூட கொறையலயாம். டோஸ ஏத்தச் சொல்லணுமாம்.

ஆல்வின்: ஏத்தக் கூடாது.

ரூத்: ஏன்டா?

ஆல்வின்: ஆரம்பத்துல தூக்கம் தூக்கமா வந்துச்சு. ரிசார்ட்டுல துணி தேய்க்கிற மிஷின்கிட்ட நிக்கவுடல. கை வெந்துடும், வெளிய போன்னாரு சூப்பர்வைசர் ஜெபக்குமார் அண்ணாத்த. ஏத்துனா வேல பூடும். எனக்கு அந்த வேல புடிக்கும். துண்டெல்லாம் ஒரே அளவு.

ரூத்: அப்ப ஒரு தபாவோட வுட்டுட்டு வர்றதுதான? நேத்து நீ வேலைலருந்து வந்தப்ப நான் குளிச்சிகினு இருந்தேன். என் காதாலயே கேட்டேன். டக்கு, டக்கு, டக்கு. மூணு!

ஆல்வின்: மூணு சரி.

ரூத்: பாத்தியா, மாட்டிக்கினியா!

ஆல்வின்: ஒன்னுதான் என்னுது.

ரூத்: இன்னாது?

ஆல்வின்: மொத டக்கு என்னுது. மத்த ரெண்டு...

ரூத்: மத்த ரெண்டு? ஏய், ஜன்னலப் பாக்காத. யாரு, பேயா?

ஆல்வின்: சொல்லமாட்டேன். சொன்னா அது அழுவும்.

ரூத்: எது அழுவும்? டேய்... அம்மாவா?

ஆல்வின்: கத்தாத. நான் செருப்பு கழட்டுறப்ப, பின்னாடியே போயி சாத்திட்டு வருது. டெய்லி. சின்னப்புள்ளைல நான் தனியா கடற்கரைக்குப் பூட்டேன் இல்ல, சாயங்காலம் வரைக்கும் தேடுனீங்களே. அதுலருந்து மூணு சத்தம் கேட்டாத்தான் நான் வூட்டுல கீறேன்னு அதுக்கு நம்பிக்க.

ரூத்: ஆண்டவரே! அதையும் பண்ணிட்டு, பழிய உன் தலைல போடுதா?

ஆல்வின்: திட்டாத. அதுக்கே தெரியாது. கை தானா போவும். எனக்கும் அப்படித்தான் போச்சு.

ரூத்: வேல போனா போவட்டும்னு வாய மூடிகினு வர்றியேடா... எம்மா! இங்க திரும்பு. கேட்டுகினுதான் வர்றியா?

அம்மா: கேட்டேன்டி. தெரியாம ஒன்னும் பண்ணல. அவன் ஒரு தபாவோட உள்ள வந்துட்டா எனக்கு நெஞ்சு கத்துது. சொல்ல வெக்கம்... இன்னிக்கி டாக்டரப் பாக்க ரெண்டு சீட்டா வாங்கு ரூத்து. ஒன்னு என் பேர்ல.