பலகை மேல் நின்று திறக்கும் ஃபிரிட்ஜ்

சிவாஜிநகரில் கிளம்பிய பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள், நான்கு பைகள். காக்ஸ் டவுனுக்கு டிக்கெட் வாங்கியதும் இளையவள் சொன்னாள்:

"எங்க வீட்டு ஃபிரிட்ஜை மரப்பலகை மேல ஏறி நின்னுதான் தொறக்கணும்க்கா."

"எதுக்குடி?"

"ஷாக் அடிக்குது. பிளக் பாயிண்ட்ல எர்த் ஒயரே குடுக்கலையாம். மூணாவது ஓட்டை சும்மா அழகுக்கு."

"செருப்பு போட்டுக்கிறது."

"சமையக்கட்டுலயா? மாமியார் கொன்னுடுவாங்க."

"ஓனர் என்ன சொல்றாரு?"

"ஒயரிங்ல கை வைக்க மாட்டாராம். பலகை அவரு குடுத்ததுதான்."

"சரி, பாப்பா எப்படியிருக்கா?"

"நேத்துலேருந்து எதையாவது புடிச்சிக்கிட்டு எழுந்து நிக்கிறாக்கா."

பஸ் இரண்டு நிறுத்தங்களைத் தாண்டியது. பிறகு மூத்தவள் கேட்டாள்:

"இப்ப அவகூட யாரு?"

"மாமியார். தூங்குவாங்க."

"எழுந்திரு. ஓனருக்குப் போன் போட்டு மெயினை ஆஃப் பண்ணச் சொல்லு."

"கீழ்வீட்டுல அவரு சீரியல் பாக்குற நேரம்க்கா. திட்டுவாரு."

"திட்டட்டும்."

காக்ஸ் டவுனுக்கு மூன்று நிறுத்தங்கள் இருக்கும்போதே இறங்கி எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடினார்கள். அங்கே ஐந்து பேர் வரிசையில் நின்றார்கள். இளையவள் ஐந்து பேரையும் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.