கண்ணாடி கோணல்

— காந்தம் ஒட்டல பாருங்க, தம்பி. கையை எடுத்தா விழுந்துருது. இந்தக் கதவுல பாதி தகடு, பாதி பட்டி.

— ஆமா சார்.

— ஆமான்னு இவ்வளவு சுலபமா சொல்றீங்க! பழைய வண்டி விக்கிறவங்க வழக்கமா எங்கிட்ட சண்டைக்கு வருவாங்க. அறுபது வருஷமா ஒரு கீறல் இல்ல, தொழிற்சாலையில அடிச்ச பெயிண்ட்டுன்னு பிள்ளை தலையில அடிச்சு சத்தியம் பண்ணுவாங்க.

— பட்டி போட்டதுதான். போட்டு முடிக்கவே நாலு நாள் புடிச்சுது.

— மதிப்பு சார், வண்டி மதிப்பைச் சீக்கிரம் எழுதுங்க சாமி. லாரியைத் தெருவை அடைச்சு நிறுத்தியிருக்கேன். எதிர்வீட்டு அம்மா மூணு தடவை ஜன்னலைத் திறந்து மூடிட்டாங்க. நாலாவது தடவை ஏதாவது பறந்து வரும்.

— கயிறு, நீ உன் கயித்தைக் கட்டி லாரியில ஏத்துற வேலையைப் பாரு. வாங்குறவருக்கு நான்ல பதில் சொல்லணும்? தம்பி, இந்தப் பட்டி எந்தப் பட்டறையில போட்டது?

— பட்டறை இல்ல. என் மனைவி போட்டா.

— அட! கூப்பிடுங்க அவங்கள. நேர்லயே ரெண்டு கேள்வி கேட்டுக்கிறேன்.

— இல்ல சார்.

— வெளிய போயிருக்காங்களா? பரவாயில்ல, வரட்டும்.

— இறந்துட்டா. பதினோரு மாசம் ஆச்சு.

— அய்யோ சாமி.

— தம்பி, மன்னிச்சுக்கங்க. வாய்க்கு வந்ததைக் கேட்டுட்டேன்.

— பரவாயில்ல சார். அடுத்தது என்ன பார்க்கணும்?

— உள்ள உக்காந்து பார்க்கணும். அம்மாடி... சீட்டு ஏன் இப்படி முன்னாடி இருக்கு? ஸ்டீயரிங் தொப்பையில குத்துது. இந்தப் பிடியை இழுத்தா பின்னாடி போகும்ல?

— போகும். இழுக்காதீங்க.

— சரி சரி, இழுக்கல.

— அவ குள்ளம்.

— மூச்சை உள்ள இழுத்துக்கங்க மதிப்பு சார். நாலு மாசம் சோத்தைக் குறைச்சா வெளிய வந்துரலாம்.

— நீ வாயை மூடு. தம்பி, இந்த உள்கண்ணாடி பாருங்க, ஒரேடியா கோணலா இருக்கு. பின்னாடி தெரு தெரியணும். எனக்குக் கறுப்பா ரெக்ஸின் மட்டும்தான் தெரியுது. திருப்பட்டுமா?

— வேண்டாம். அதை யாரும் தொடக்கூடாதும்பா. துடைக்கப் போய் ஒரு தடவை திட்டு வாங்கினேன்.

— அப்ப பின்னாடி வர்ற வண்டியை எப்படிப் பார்த்தாங்க?

— வெளிக்கண்ணாடி போதும்பா. பஸ்காரன் ஹாரன் அடிச்சு உயிரை எடுப்பான். அவன் அடிக்கட்டும், நீ பேசும்பா.

— தப்பா நினைக்காதீங்க. குறைன்னு கண்ணுல பட்டா எழுதித்தான் ஆகணும். "உள்கண்ணாடி கோணல்." எழுதிட்டேன். கடைசி வரி அதுதான். இப்ப இன்ஜினைக் கேட்டுருவோம்.

— சோக்கை இழுங்க. பன்னிரண்டு எண்ணுங்க. இப்ப பக்கத்துல இருக்கற குமிழை இழுங்க.

— அடேங்கப்பா! முதல் இழுப்புல. பதினோரு மாசம் நின்ன வண்டியா இது?

— ஞாயித்துக்கிழமை பத்து நிமிஷம் ஓட விடுவேன். பக்கத்து சீட்ல உக்காந்து, கையை நீட்டி.

— டயர்லயும் ஒரு தட்டை இல்ல சாமி. ஒரே இடத்துல நின்னா அடியில சப்பையாயிடுமே.

— வாரம் ஒரு முழம் தள்ளுவேண்ணே. ஒரு வாரம் முன்னாடி, ஒரு வாரம் பின்னாடி.

— தள்ளுறதா? ஏறி உக்காந்து ஒரு சுத்து ஓட்டிட்டு வர்றதுக்கு என்ன?

— எனக்கு ஓட்டத் தெரியாது. அவதான் ஓட்டுவா. நான் பக்கத்துல உக்காந்து வழி சொல்லுவேன். திருப்பம் தாண்டினப்புறம் சொல்லுவேன்.

— நல்லா சொன்னீங்க போங்க! இந்த வண்டியை எங்க புடிச்சாங்க?

— ஒருத்தர் தோட்டத்துல. பின்சீட்ல கோழி அடை காத்துக்கிட்டிருந்துச்சு. கோழியையும் சேர்த்துத் தரேன்னார். குஞ்சு பொரிக்கட்டும், அப்புறம் எடுத்துக்கிறேன்னு அவ மூணு வாரம் காத்திருந்தா.

— அப்படி ஒரு பொண்ணா! தம்பி, பானெட்டைத் தூக்குங்க. இன்ஜின் மேல இருக்கற நம்பரைப் படிங்க. நான் பழைய பதிவுப் புத்தகத்தோட சரி பார்க்கிறேன்.

— கடைசி நாலு, ஏழு மூணு மூணு ஒண்ணு.

— இன்னொரு தடவை.

— ஏழு மூணு மூணு ஒண்ணு.

— ம்ம். தம்பி, கொஞ்சம் இப்படி வாங்க. நான் வாங்குறவரோட ஆளு, இதைச் சொல்லக்கூடாது. இன்ஜின் மாத்தின வண்டின்னு சொல்லித்தான் அவர் உங்ககிட்ட விலை பேசியிருக்கார். மாத்தவே இல்ல பாருங்க, பிறந்தப்ப வந்த இன்ஜின். அவர் சொன்னது பாதி விலைகூட இல்ல. கையெழுத்துப் போடாதீங்க.

— இதைச் சொன்னா உங்க பிழைப்பு போயிடாதா சார்?

— போனாப் போகுது. கதவுக்கு அடியில விரலை விட்டுப் பார்த்தேன். யார் கண்ணும் போகாத இடம். அங்கயும் தேய்ச்சு வழவழன்னு வெச்சிருக்காங்க. முப்பது வருஷத்துல அந்த இடத்தைத் தேய்ச்ச ஆளை நான் பார்த்ததில்ல. அதைத் தொட்ட கையால உங்களை ஏமாத்தினா எனக்குச் சோறு இறங்காது.

— ரொம்ப நன்றி சார். இதுவரைக்கும் யாரும் அங்க விரலை விட்டுப் பார்க்கல. அவ இருந்திருந்தா உங்களுக்கு ரெண்டு தடவை டீ போட்டிருப்பா.

— அப்ப நல்ல விலை வர்ற வரைக்கும் நிறுத்தி வைங்க.

— இல்ல சார். இன்னைக்கே போகட்டும்.

— ஏன் இந்த அவசரம்?

— சமையலறை ஜன்னலுக்கு நேரா நிக்குது. ஒரு டம்ளர் கழுவப் போனாலும் அந்த சீட்டுதான் கண்ணுல படுது. காலியா. ஜன்னலுக்குத் துணி கட்டினேன். இப்ப துணியைப் பார்த்துக்கிட்டு நிக்கிறேன்.

— சரி தம்பி. உங்க இஷ்டம். வண்டி போய்ச் சேரட்டும், அங்க வெச்சுக் கையெழுத்து வாங்குறேன். அதுக்குள்ள மனசு மாறினா விலையாவது கேளுங்க.

— கம்பியை மாட்டிட்டேன் சாமி. லாரி இழுத்துக்கும். ஸ்டீயரிங்கை மட்டும் நேரா புடிக்கணும். தம்பி, ஏறுங்க.

— நீங்க ஏறுங்கண்ணே.

— மாட்டேன். நம்ம வழக்கம் அது. லாரியில ஏறும்போது ஸ்டீயரிங் சொந்தக்காரர் கையில இருக்கணும். அவங்க கையால ஏத்தி விட்டாத்தான் வண்டி கலங்காமப் போகும். சிரிக்காதீங்க, இருபது வருஷத்துல நான் ஏத்தின ஒண்ணுக்கும் கீறல் விழல.

— நான் அந்த சீட்ல உக்காந்ததே இல்லண்ணே.

— கயிறு, விடு. நான் உக்கார்றேன்.

— உங்க தொப்பை ஒரு தடவை மாட்டினது போதும் சார். நீங்க பக்கத்து சீட்ல ஏறி ஹேண்ட்பிரேக்கைப் புடிங்க. தம்பி, ஒரு நிமிஷ வேலை. வேணும்னா சீட்டைத் தள்ளிக்கங்க.

— தள்ளமாட்டேன். மடங்கிக்கிறேன்.

— ஒட்டகம் மாதிரி ஆளு, காலை எங்க வெச்சீங்க சாமி? சரி, இழுக்கிறேன். ஏத்தத்துல குலுங்கும், தலை கூரையில இடிக்கும். குனிஞ்சுக்கங்க. இன்னும் கொஞ்சம். ஸ்டீயரிங் மட்டத்துக்கு வாங்க. ஆங், அதான்.

— தம்பி, லேசா வலது பக்கம் ஒடிங்க... தம்பி? எங்க பார்க்கிறீங்க? முன்னாடி பாருங்க!

— அண்ணே, நிறுத்துங்க.

— நிறுத்திட்டேன், நிறுத்திட்டேன். எங்கயாவது இடிச்சிருச்சா?

— சார், அசையாதீங்க. அப்படியே இருங்க.

— ஏன்? பூச்சி கீச்சியா?

— கண்ணாடியில உங்க முகம் தெரியுது.

— என் முகமா? இந்தக் கண்ணாடியிலயா?

— முழுசா. நெத்தியிலேருந்து தாடை வரைக்கும். இவ்வளவு கீழ குனிஞ்சாத்தான் தெரியுது. அவ உயரத்துக்கு.

— தம்பி... நான் உக்காந்திருக்கறது நீங்க உக்கார்ற இடம்ல?

— ஆமா சார். நான் மட்டும்தான் உக்காருவேன்.

— உள்ள என்ன பேசுறீங்கன்னு கேக்கல சாமி! இழுக்கட்டுமா, இறக்கட்டுமா?

— இறக்குங்கண்ணே. மெதுவா. நீங்க ஏறச் சொல்லலன்னா எனக்குத் தெரிஞ்சே இருக்காது. உங்க வழக்கத்துக்குக் கோடி நன்றி.

— காலி லாரி ஓட்டுறது எனக்குப் புதுசா என்ன? இறக்கிடுறேன் சாமி.

— வாங்குறவர்கிட்ட நான் பேசிக்கிறேன் தம்பி. இந்தத் தாளைக் கிழிச்சுப் போட்டுடட்டுமா?

— வேண்டாம் சார், எங்கிட்ட கொடுங்க. கடைசி வரியை மட்டும் அடிச்சிடுங்க. கண்ணாடி கோணல் இல்ல.