நான்காவது வாய்

மேடையில் வீற்றிருக்கும் சமையற்கலைஞர் சங்கத் தலைவர் அவர்களே, முன்வரிசையில் இருக்கும் மாஸ்டரின் மனைவி பெங் அண்ணி அவர்களே, அடுப்பை அணைத்துவிட்டு வந்திருக்கும் என் சக ஊழியர்களே, பெய்ஜிங்கின் நாலா திசையிலிருந்தும் வந்திருக்கும் வாடிக்கையாளர்களே, உங்கள் அனைவரையும் வணங்குகிறேன்.

நான் தொங் யூலான். நம் உணவகத்தில் பரிமாறுவோருக்குத் தலைவி. பேச்சின் நடுவே நான் அடிக்கடி மாஸ்டர் படத்தின் பக்கம் திரும்பினால் பொறுத்துக்கொள்ளுங்கள். படத்தின் முன்னால் தட்டு காலியாக இருக்கிறது. காலையிலிருந்து அதுதான் என்னை ஓரிடத்தில் நிற்கவிடவில்லை.

அரண்மனைச் சமையலின் பேராசான் குவான் தெலின் அவர்களை இழந்து நிற்கிறோம். முப்பத்தொரு ஆண்டுகள் நம் அடுப்படியை ஆண்டவர். ஒருமுறை வெளியூர்க்காரர் ஒருவர் கேட்டார்: "நிஜமான அரண்மனைச் சாப்பாடு எங்கங்க கிடைக்கும்?" மாஸ்டர் கரண்டியைக்கூடக் கீழே வைக்கவில்லை. "அரண்மனைக்குப் போனா மியூசியம் டிக்கெட்தான் கிடைக்கும். பசிச்சா இங்க உக்காருங்க."

நம் வழக்கம் உங்களுக்குத் தெரியும். அரசர் எந்தப் பதார்த்தத்திலும் மூன்று வாய்க்கு மேல் உண்ணக் கூடாது. பிடித்தது எது என்று வெளியே தெரிந்தால் எதிரி அதிலேயே விஷம் வைப்பான் என்பார்கள். அதனால் விருந்தினர் மூன்றாம் வாய் உண்டதும் தட்டை எடுத்துவிடுவோம். அவர்களும் சிரிப்பார்கள். ஆனால் மாஸ்டர் அதை விளையாட்டாகவா எடுத்துக்கொண்டார்? வீட்டிலும் மூன்று வாய். கல்யாணத்திலும் மூன்று வாய்.

போனவருக்குப் பிடித்ததைப் படைக்க வேண்டும். அவருக்குப் பிடித்தது எது? யாருக்குத் தெரியும்? சமையலறையில் காலையில் சண்டையே நடந்தது. வாத்து என்றார் ஒருவர், கடலட்டை என்றார் இன்னொருவர். அண்ணியைக் கேட்டேன்.

"எனக்கு என்னம்மா தெரியும்? நாப்பது வருஷம் ஆக்கிப் போட்டேன். எது கேட்டாலும் நல்லாருக்கும்பாரு. பாவி மனுஷன், என்னையும் எதிரி லிஸ்ட்டுல வெச்சுட்டாரு."

அண்ணி, எனக்குத் தெரியும். காலையில் உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்ல வாய் வரவில்லை.

போன வியாழக்கிழமை, மாஸ்டர் படுத்திருந்த மருத்துவமனைக்குப் பட்டாணி வில்லை கொண்டுபோனேன். மஞ்சள் பட்டாணியை வேகவைத்து, சல்லடையில் தேய்த்து, குளிரவைத்து நானே வெட்டியது. சர்க்கரை கூடிப்போயிருந்தது. "என்ன யூலான், சர்க்கரை ஆலையைக் கொள்ளையடிச்சியா?" என்றார். ஆனால் சாப்பிட்டார். ஒரு வாய். இரண்டு. மூன்று. பிறகு நான்காவதற்குக் கை நீட்டினார்.

நான் பார்க்க அதுதான் முதல்முறை. நான் என்ன செய்தேன்? பழக்கதோஷம், சிரித்துக்கொண்டே தட்டை எடுத்துவிட்டேன். "மூணு ஆச்சு மாஸ்டர்" என்றேன். அவரும் சிரித்தார். "சட்டம்னா சட்டம்தான்" என்று கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார். மறுநாள் காலையில் அவர் இல்லை.

அவர் ஆசைப்பட்டு நீட்டிய கையிலிருந்து நான் பிடுங்கிவிட்டேன். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

பேராசானின் பணியைத் தொடர்வோமா? தொடர்வோம். அவர் வைத்த பக்குவம் ஒன்றுகூடக் குறையாமல் தொடர்வோம். ஒன்றை மட்டும் விட்டுவிடுவோம். இன்றுமுதல் நம் கூடத்தில், விருந்தினர் போதும் என்று சொல்லாமல் யாரும் தட்டை எடுக்கக் கூடாது. மூன்று வாய்க் கதையைச் சொல்லுங்கள்; தட்டில் கை வைக்காதீர்கள்.

இதோ, பட்டாணி வில்லை. இன்றும் சர்க்கரை கூடுதலாகத்தான் போட்டிருக்கிறேன். மாஸ்டர், சாப்பிடுங்கள். தட்டை நான் எடுக்க மாட்டேன்.