கட்சி மாறிய கம்ப்யூட்டர்

தேனியிலிருந்து கம்பம் போகும் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இரண்டு பேர் பேசிக்கொண்டு வந்தார்கள்.

“எங்க திராட்சைச் சங்க ஆபீஸ் கம்ப்யூட்டர் கட்சி மாறிருச்சுண்ணே. ஆன் பண்ணுனா பட்டன், மெனு எல்லாம் எதிர்க்கட்சிக் கலரு. நான்தான் மாத்துனேன்னு சங்கத் தலைவர் என்னைய வேலைய விட்டுத் தூக்கப் பாத்தாக.”

“வைரஸா?”

“இல்லண்ணே. ஸ்கிரீன்ல வைக்கிற போட்டோவுல எந்தக் கலர் தூக்கலா இருக்கோ, அந்தக் கலருக்கு அதுவே மாறிக்கிருமாம். தலைவர் அவுக போட்டோவ வைக்கச் சொன்னாக, வச்சேன். அது பழைய போட்டோ. தோள்ல அவுக முன்னாடி இருந்த கட்சித் துண்டு.”

“அத அவுககிட்டச் சொன்னியா?”

“சொன்னேன். ‘இப்போதைக்குக் கருப்பு வெள்ளையில வையி, தேர்தல் வரட்டும், கலரப் பாத்துக்கலாம்’னு சொல்லிட்டாக.”