படத்தில் இல்லாத வீக்கம்

உங்கள் ஸ்டேஷன் டீ நன்றாகவே இருக்கிறது, மேடம். இஞ்சி மட்டும் கொஞ்சம் தூக்கல். எதையும் மறைக்கப்போவதில்லை, நிதானமாகச் சொல்கிறேன்.

உழவர்கரையில் ஒரு ஸ்கேன் சென்டரில் எனக்கு வேலை. மெஷின் உடம்பைத் துண்டு துண்டாகப் படம் எடுத்துத் தரும். அந்தத் துண்டுகளைக் கம்ப்யூட்டரில் அடுக்கி, எலும்பையும் ரத்தக்குழாயையும் முழு உருவமாக நிற்கவைப்பவன் நான். எந்தப் பக்கம் வேண்டுமானாலும் திருப்பிப் பார்க்கலாம். ரிப்போர்ட் எழுதுவது சென்னையில் இருக்கும் டாக்டர். ஆனால் ரிப்போர்ட்டை யார் படிக்கிறார்கள்? ஜனங்களுக்கு என் கலர் படம்தான் வேதவாக்கு.

அந்த சாஃப்ட்வேரில் கத்தரிக்கோல் என்று ஒன்று உண்டு. குழாயை மறைக்கும் எலும்பை அதால் வெட்டி எடுத்துவிடலாம். வெட்டின இடத்தை மழமழவென்று இழைக்கவும் வழி இருக்கிறது. எனக்கு இதில் நல்ல கை என்று ஊரே சொல்லும்.

அமலநாதன் அண்ணன் பெரிய மார்க்கெட்டில் வெங்காய வியாபாரி, சின்ன மரப்பந்துக்குப் பக்கத்தில் இரும்புக் குண்டை எறியும் பெத்தாங் ஆட்டத்தில் என் ஜோடி. மரப்பந்தை ஒட்டி நிற்கும் எதிராளியின் இரும்புக் குண்டை அடித்துத் தூக்குவதில் அவரை மிஞ்ச குருசுக்குப்பம் பக்கம் ஆள் கிடையாது. நான் சுமார்தான், ஒத்துக்கொள்கிறேன். வருஷா வருஷம் அரையிறுதியில் மண்ணைக் கவ்வுவோம். இந்த வருஷம்தான் இறுதி ஆட்டத்துக்கு வந்தோம்.

பார்த்து, அப்போதா அவருக்கு வயிற்றுவலி வர வேண்டும்? ஸ்கேன் எடுத்தேன். வயிற்றுக்குள் இறங்கும் பெரிய ரத்தக்குழாயின் பக்கவாட்டில் ஒரு வீக்கம், அவர் விற்கிற வெங்காயம் கணக்காக. உடனே ஆபரேஷன் வேண்டும் என்று ரிப்போர்ட்டும் வந்துவிட்டது. ஆபரேஷன் என்றால் இறுதி ஆட்டம் போச்சு.

கத்தரிக்கோலை எடுத்தேன். ஒரு வெட்டு, கொஞ்சம் இழைப்பு. குழாய் அவ்வளவு லட்சணமாக வந்தது. ஒன்றைக் கவனியுங்கள் மேடம், அவர் உடம்பில் நான் கைவைக்கவே இல்லை.

அவர் மனைவி பெர்னதெத் அண்ணி ரிப்போர்ட்டோடு வந்து நின்றார்.

“கலைவாணா, அறுக்கணும்னு எழுதிருக்காமே. நீ சொல்லுப்பா. எனக்குச் சோறு எறங்கல.”

திரையில் படத்தைச் சுழற்றிக் காட்டினேன்.

“நீங்களே பாருங்க அண்ணி. எங்கனா வீக்கம் தெரியுதா? மெட்ராஸ் டாக்டரு உஷாருக்கு எழுதி வச்சிருக்காரு. மேட்ச் முடியட்டும், இன்னொரு வாட்டி எடுத்துப் பாத்துக்கலாம்.”

“மாதாவே,” என்று நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். “நீ இருக்கசொல்ல எங்களுக்கு என்னா கவல.”

அன்று அவர்கள் வீட்டிலிருந்து வஞ்சிர மீன் குழம்பு வந்தது. ருசி நாக்கிலேயே நிற்கிறது.

நான் அலட்சியமாக இருந்தேன் என்று மட்டும் யாரும் சொல்ல முடியாது. குனிந்தால் வயிற்றில் அழுத்தம் ஏறும் என்று, குண்டு எடுக்கக் கயிறு கட்டின காந்தம் ஒன்று நானே வாங்கிக் கொடுத்தேன். அவர் பையை நான்தான் சுமந்தேன். வலி என்று முனகினால் மாத்திரையும் கொடுத்தேன். கூடப்பிறந்தவன்கூட இப்படிப் பார்த்துக்கொள்ள மாட்டான்.

இறுதி ஆட்டத்தின் கடைசிக் குண்டை அண்ணன் எறிந்தார். எதிராளியின் குண்டு தெறித்து ஓடியது, ஜெயித்துவிட்டோம். அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார், அப்படியே வயிற்றைப் பிடித்துக்கொண்டு மண்ணில் உட்கார்ந்தார். ஆஸ்பத்திரி வாசலைத் தொடுமுன் உயிர் போய்விட்டது. வீக்கம் வெடித்துவிட்டதாம்.

ஆமாம் மேடம், தெரிந்தேதான் செய்தேன். எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் எனக்காகச் செய்யவில்லை, அந்த மனுஷன் ஒரு தடவையாவது ஜெயிக்க வேண்டும் என்றுதான் செய்தேன். கோப்பை என் வீட்டு ஷோகேஸில் இருக்கிறது. அண்ணியிடம் கொடுக்கவில்லை. பார்த்தால் அழுவார், பாவம்.