சிங்கத்தின் வண்டியில் ஒரு யானை

— அந்தச் சோளக்கதிரத் திருப்பிக் குடுங்க, அங்கிள்.

— ஏம்மா? ரெண்டு கடிதான் கடிச்சேன்.

— கடிச்சது போகட்டும். வாங்கறப்ப என்ன சொல்லி நன்றி சொன்னீங்க?

— ‘நன்றி, சிங்கக்குட்டி’ன்னேன். முறைப்படி குலப் பேரச் சொல்லித்தானே சொன்னேன்?

— யாரோட குலம்? எங்கப்பா யானைக் குலம். நானும் யானை. யானைக்கு நன்றி சொல்லத் தெரியலன்னா, யானை சுட்ட சோளத்தத் தின்னாதீங்க.

— எஸ்னாத், உன் பொண்ணப் பாரேன்! உன்னக் கட்டின புருஷன் வாயிலேர்ந்து பிடுங்கறா.

— என்னை ஏன் இழுக்கறீங்க, தவாண்டா? அவ சுட்டது, அவ கேக்கறா. ரோட்டப் பாத்து ஓட்டுங்க, பள்ளம் வருது.

— அட, நாளைக்கு குவேரு டவுன்ல எங்கக்கா சொந்தபந்தத்த எல்லாம் கூட்டி வச்சு இவளச் சிங்கக் குலத்துல சேக்கப் போறா. பள்ளிக்கூடத்துலயும் என் பேரத்தான் போடப் போறோம். ஒரு நாள் முன்னாடி சொன்னா குத்தமா?

— குத்தம்தான். என்னை யார் கேட்டா?

— அக்கா சொல்லிட்டா, பாப்பா. ஒரே வீடு, ஒரே குலம்னு இருந்தா நல்லதாம்.

— அப்ப அம்மா?

— கேட்டாளே ஒரு கேள்வி! சொல்லுங்க சிங்கம். போன வருஷம் என்னைக் கட்டினீங்க. எனக்குப் பிடரி முளைச்சிருச்சா? எங்கப்பா வழியில நான் இன்னும் மீன்கழுகுதான். அதோ, குட்டையோரம் பட்ட மரத்துல உக்காந்திருக்காரே, எங்க சித்தப்பா. ஷமீசோ, போட்டோ எடு, எடு!

— எடுத்தாச்சும்மா. கால்ல மீனோட வந்து உக்காந்தப்பவே எடுத்துட்டேன்.

— கழுக எடுப்பா. காலையில அவ்வளவு கிட்டத்துல சிங்கம் படுத்திருந்துச்சு, ஹுவாங்கே காட்டுக்கு வந்த வண்டி மொத்தமும் அங்கதான் நிக்குது, இவ முதுகக் காட்டி உக்காந்துக்கிட்டு பனங்காடையா எடுத்துத் தள்ளறா.

— பனங்காடை வேலை பாத்துக்கிட்டிருந்துச்சு. உங்காளு மல்லாந்து தூங்கிட்டிருந்தாரு. வேட்டையெல்லாம் வீட்டம்மாதானாமே?

— சிரிக்காத, எஸ்னாத்.

— நான் எங்க சிரிச்சேன்? புழுதி, இருமல்.

— சொன்னாக் கேளு, பாப்பா. உன் நல்லதுக்குத்தான் சொல்றோம்.

— எது நல்லது? சிங்கம்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சு, நாளைக்கு ஒரு யானைக் குலத்துப் பையனக் கட்டிக்கிட்டா? அவன் எனக்குப் பங்காளி, அண்ணன் முறை. அந்தப் பாவத்த உங்கக்கா சுமப்பாங்களா? எங்கப்பா செத்துட்டாரு. அவர் எனக்குன்னு விட்டுட்டுப் போனது இந்தக் குலம் ஒண்ணுதான். அதையும் பிடுங்கிக்கிட்டா, நான் அவர் பொண்ணுன்னு எத வச்சுச் சொல்றது? குடுக்க மாட்டேன். கூட்டத்துல நிறுத்தினா அங்கயும் இதையேதான் சொல்லுவேன்.

— ஐயோ, அக்கா முன்னாடியா? நானே அவள எதுத்து ஒரு வார்த்தை பேசினதில்ல. தாய் மாதிரி வளத்தவ.

— ஊருக்குச் சிங்கம், அக்காவுக்கு எலி.

— எஸ்னாத்!

— இருக்கறதத்தானே சொன்னேன்? தவாண்டா! நிறுத்துங்க, நிறுத்துங்க!

— ஆத்தாடி! எம்மாம் பெரிய கொம்பன்! நடு ரோட்டுல நிக்குதே!

— காத விரிக்குது. பின்னால எடுங்க.

— எங்க எடுக்க? பின்னால முழுக்க மணல், சக்கரம் புதைஞ்சிடும். ஆரன் அடிக்கறேன்.

— அடிக்காதீங்க அங்கிள்! என்ஜின அணைங்க.

— பாப்பா, கண்ணாடிய ஏத்து! தலைய உள்ள இழு!

— ஏத்த மாட்டேன். பெரியப்பா, வணக்கம். தந்தம் சுமக்கறவரே, நடந்த தடத்தையெல்லாம் ஊருக்குப் பாதையாக்கினவரே, நீங்க குடிச்சு முடிக்கிற வரைக்கும் ஆறு காத்து நிக்கும். நான் எனோக் பொண்ணு ஷமீசோ. உங்க வீட்டுப் பொண்ணு. வழி விடுங்க.

— மூச்சு விடாத, எஸ்னாத்.

— நீங்கதான் புஸ்ஸு புஸ்ஸுன்னு விடறீங்க.

— கிட்ட வருது... தும்பிக்கைய நீட்டுது...

— காது மடங்கிடுச்சு. திரும்புது பாருங்க, திரும்புது.

— போயிடுச்சு! பாப்பா, நீ சொன்னதக் கேட்டுத்தான் போச்சா?

— அதுக்குப் பசியா இருந்திருக்கும். எனக்கெப்படித் தெரியும்? ஆனா நான் பயப்படல. எங்காளுங்க முன்னாடி எனக்கென்ன பயம்?

— இரு, ரெண்டு கையையும் குவிச்சு முறையாத் தட்டிக்கறேன். எங்க உசுரக் காப்பாத்தினதுக்கு நன்றி, தந்தம் சுமக்கறவளே. அப்புறம்? அடுத்தது என்ன?

— நடந்த தடத்தையெல்லாம்...

— நடந்த தடத்தையெல்லாம் ஊருக்குப் பாதையாக்கின யானைப் பொண்ணே, நன்றி.

— ம். சுமார்.

— காட்டுக்குள்ள சொல்றது சுலபம், சிங்கம். குவேருல சொல்வீங்களா?

— குவேரு வரைக்கும் போனா இந்தத் தைரியம் இறங்கிடும். இங்கயே சிக்னல் இருக்கு. அந்தப் போனக் குடு. ஹலோ... அக்கா? நல்லா இருக்கோம்க்கா... வர்றோம், வர்றோம்... வந்து... அந்தச் சடங்கு மட்டும் வேணாமேன்னு...

— கொசு பேசற மாதிரி இருக்கு, அங்கிள்.

— வேணாம்னேன்க்கா! பொண்ணு யானை, யானையாவே இருப்பா! பேரையும் மாத்த மாட்டேன்!... கத்தலக்கா, சொல்றேன்... என்ன?... இரு, கேக்கறேன். பாப்பா, யானைன்னா அப்புறம் நீ எனக்கு என்ன வேணும்னு கேக்கறா. நான் என்னன்னு சொல்ல?

— உங்க மகள்னு சொல்லுங்க, அப்பா. சத்தமாச் சொல்லுங்க.